ஒழுங்கைக் கடைசி வீட்டின் ஏலம்

குடைக்காரன் முதல்முதலாக வந்து நின்ற அன்றே றலியாவுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. மழையும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி வெயிலும் இல்லை. அந்த ஆள் மட்டும் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ரயில் பாதை ஓரமாக நின்று அவளுடைய வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். போகிற போக்கில் பார்க்கிற பார்வை அல்ல. பெண் பார்க்க வந்தவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையின் கடைசி வீடு அது. வீட்டின் முகம் கடலுக்கு. நடுவில் தண்டவாளம், அப்பால் பாறை, அப்புறம் தண்ணீர். அங்கே வேலைவெட்டி இல்லாமல் ஒருவன் நிற்கிறான் என்றால் சும்மா நிற்கமாட்டான்.

றலியாவைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டை விட்டு இறங்காதவள். அந்தக் காலத்து முஸ்லிம் வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண்களுக்கு முன்னால் வருவதில்லை. ஆனால் மரச்சட்டங்களைச் சாய்த்துப் போட்ட ஜன்னல் ஒன்று முன்னறையில் இருந்தது. உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஜன்னலும் அவளுடைய இரண்டு காதுகளும் போதும். எந்த வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்த மாமிக்கும் மருமகளுக்கும் பேச்சு இல்லை, ரயில் ஏன் பத்து நிமிஷம் பிந்தியது, எல்லாம் வந்து சேர்ந்துவிடும். தெரியாத விஷயம் ஒன்று இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

இப்படி ஊரையெல்லாம் தோண்டித் துருவுகிறவள், பக்கத்தில் படுக்கிற மனுஷனிடமிருந்து மட்டும் ஒரு சொல்லைப் பிடுங்க முடியாமல் தவித்தாள். நிலாமுக்குக் கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடை. ஆணி, பூட்டு, கூரைத் தகரம், மண்வெட்டி. ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் கடனுக்குச் சாமான் கொடுத்தார். முப்பத்திரண்டாம் வருஷம் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. தோட்டத்துரைமார் பணம் தரவில்லை, நிலாமுக்குச் சாமான் கொடுத்தவர்கள் விடவில்லை. புதுக்கடைக் கோர்ட்டில் அவரை வங்குரோத்து, கடன் கட்ட வழியற்றவர் என்று தீர்த்துவிட்டார்கள். கடைக்கு முத்திரை வைத்தார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டையும் அவர் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஈடு வைத்திருந்தார் என்பது, கோர்ட்டுக் கட்டளையை நிறைவேற்றுகிற பிஸ்கால் கந்தோர் ஆள் வாசலில் தம்பட்டம் அடித்து அறிவித்தல் ஒட்டியபோதுதான் றலியாவுக்குத் தெரிந்தது. ஏலத்துக்கு மூன்று கிழமை தவணை.

"ஏன் எனக்கிட்ட செல்லல்ல?" என்று கேட்டாள்.

"செல்லி என்னத்துக்கு? பாத்துக்கலாம்" என்றார் நிலாம்.

"எப்பிடிப் பாத்துக்கிற? மூணு புள்ளையளயும் கூட்டிக்கிட்டு எங்க போற?"

"பாத்துக்கலாம் றலியா."

கல்லுளிமங்கன்! அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் வராது. அவர் துருக்கித் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு காலையில் வெளியே போவார், கடை இல்லாத மனுஷன் எங்கே போகிறார் என்றும் சொல்லமாட்டார். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடுப்படியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு யோசித்தாள். அவர் பேசாவிட்டால் பேசுகிறவர்கள் இல்லையா? பக்கத்து வீட்டுப் பொன்னம்பலம் முப்பது வருஷம் புதுக்கடையில் ஒரு பிறக்கிராசியாரிடம், அதாவது வக்கீலிடம், கிளாக்காக இருந்து ஓய்ந்தவர், யாழ்ப்பாணத்து மனுஷன். அவர் தன் பக்கத்து மதிலோரம் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரம் பார்த்து, இந்தப் பக்கம் நின்று அவள் கேட்டாள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சட்ட யோசனை மதிலைத் தாண்டி வந்தது.

"பிள்ளை, அவர் வங்குரோத்து எண்டால் நீங்களும் வங்குரோத்தே? இல்லை. உங்கடை மார்க்கத்திலை பெண்சாதியின்ரை சொத்து பெண்சாதிக்குத்தான். உங்கடை நகையை வைச்சு, உங்கடை பேரிலை, அதே ஏலத்திலை வீட்டை வாங்கலாம். ஆர் தடுக்கிறது?"

"அவ்வளவு நகை எனக்கிட்ட இல்லயே ஐயா."

"முழுக்காசும் அண்டைக்கு வேண்டாம். நாலிலை ஒரு பங்கை அந்த இடத்திலை கட்டவேணும். மிச்சத்துக்கு ஒரு மாதம் தவணை. அதுவும் விலை ஏறினால்தானே? உங்கடை ஆக்கள் கேக்கமாட்டினம், உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். பெண்பிள்ளைகள் குடியிருக்கிற வீட்டை ஏலத்தில் கேட்டு வாங்கினால் அந்தப் பணத்தில் பரக்கத், அல்லாஹ்வின் அருள், இராது என்று அவர்களுக்குள் ஒரு எண்ணம். ஒருவனுடைய வீடு ஏலத்துக்கு வந்தால் ஊரே வந்து நிற்கும், வாய் திறக்காது. அப்படியானால் ஈடு பிடித்தவரின் ஆள் அடிமாட்டு விலைக்குத் தட்டிக்கொண்டு போவான். அவனுக்கு மேலே ஒரு நூறு, இருநூறு கேட்டால் தீர்ந்தது. அவளுடைய அட்டியல், பதக்கம், ஆறு காப்பு எல்லாம் பொன்னம்பலத்தின் பெண்சாதி கையால் மதிலைத் தாண்டின. ஆயிரத்து இருநூறு ரூபாய் வந்தது. நாலாயிரத்து எண்ணூறு வரைக்கும் கேட்கலாம் என்று பொன்னம்பலம் கணக்குச் சொன்னார்.

நிலாமிடம் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? மனுஷன் ரோஷக்காரர். நகை இருக்கிறதா, அதையும் கடன்காரர்களுக்கே கொடு என்று நிற்பார். பாத்துக்கலாம் என்றவர்தானே, அவர் பாட்டுக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

மிச்சம் இருந்த பயம் ஒன்றே ஒன்று. அந்தக் குடைக்காரன்.

மூன்று கிழமையில் ஏழு தரம் வந்தான். றலியா எண்ணி வைத்திருந்தாள். ஒரு நாள் தென்னை மரங்களை விரலால் எண்ணினான். ஒரு நாள் மதில் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். ஆனால் எந்த நாள் வந்தாலும் கடைசியில் வாசலுக்கு நேரே வந்து நின்று, கதவுக்கு மேலே அண்ணாந்து பார்ப்பான். அங்கே என்ன இருக்கிறது? றலியாவின் வாப்பா இந்த வீட்டைக் கட்டியபோது கதவுக்கு மேலே அரைவட்டமாக ஒரு கண்ணாடி போட்டிருந்தார். அதைப் போய் ஏன் பார்க்கிறான்? கழற்றி விற்கப் போகிறானா? முகத்தைப் பார்க்கலாம் என்றால், ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்த குடை விடவில்லை. குடைக்குக் கீழே வெள்ளைச் சட்டையும், புழுதி படிந்த வெறுங்காலும்தான் தெரிந்தன.

மீன்காரி மெனிக்கேயிடம் விசாரித்தாள். "ஐயோ நோனா, அந்த மனுசன் மட்டக்குளியில இருந்து பஸ்ஸில வாரான். கேட்டா பேசமாட்டான், சிரிப்பான்" என்று அவள் தன் உடைந்த தமிழில் சொன்னாள். ரயில் கடவைக் காவல்காரனிடமும் மெனிக்கேயை விட்டுக் கேட்டாள். அவனுக்கும் தெரியவில்லை. நெற்றியில் திருநீறு இருந்ததாம்; முஸ்லிம் ஆள் இல்லை, அது மட்டும் நிச்சயம். அப்படியானால் அவனுக்குப் பரக்கத் பயமும் இல்லை, வாய் திறந்து விலை கேட்பான்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் நிலாமிடமே கேட்டுவிட்டாள். "வெளியில குடையோட ஒரு மனிசன் வந்து வந்து நிக்கிறான், ஆர் அது?"

"எவனாவது காத்து வாங்க வந்திருப்பான்" என்று சொல்லிவிட்டு நிலாம் மறுபக்கம் திரும்பிப் படுத்தார். அவர் திரும்பிய வேகத்தை அன்றைக்கே அவள் கவனித்திருக்க வேண்டும். ஆத்திரத்தில் கவனிக்கவில்லை.

ஏலத்தன்று பிற்பகல் நாலு மணி. பிள்ளைகளைக் கிருலப்பனையில் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, றலியா ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஏற்பாடு இதுதான்: ஜன்னலின் கீழ்ச் சட்டம் ஒன்று உயர்ந்திருக்கும் வரைக்கும் பொன்னம்பலம் கேட்டுக்கொண்டு போகவேண்டும். அதை அவள் இறக்கினால் நிறுத்திவிட வேண்டும்.

முற்றத்தில் ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். கொட்டாஞ்சேனைக் கடைக்காரர்கள், பள்ளிவாசல் ஆட்கள், சொந்தபந்தம் எல்லோரும் சாவு விழுந்த மையித்து வீட்டுக்கு வந்தவர்கள் போலக் கைகட்டி நின்றார்கள். ஏலக்காரர் மணியை ஆட்டினார். ஈடு பிடித்தவரின் பிறக்கிராசியார் வெற்றிலை போட்ட வாயோடு முன்னால் நின்றார். நிலாம் எல்லோருக்கும் பின்னால், தென்னை மரத்தில் சாய்ந்துகொண்டு, மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடைக்காரனும் வந்திருந்தான். மதில் ஓரமாக, குடை விரித்தபடி.

"இரண்டாயிரத்து ஐந்நூறு" என்று பிறக்கிராசியார் தொடங்கினார்.

ஒருவரும் மூச்சு விடவில்லை. ஏலக்காரர் சுற்றிப் பார்த்தார். பொன்னம்பலம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அறுநூறு" என்றார். கூட்டம் அவரை முறைத்தது. பக்கத்து வீட்டுக்காரனா இப்படிச் செய்கிறான்? பாவம் மனுஷன், கழுத்து வேர்க்க வேர்க்க நின்றார்.

"எழுநூறு" என்று ஒரு குரல். குடைக்குக் கீழேயிருந்து.

பயந்தபடியே ஆகிவிட்டது. எண்ணூறு, தொள்ளாயிரம், மூவாயிரம் என்று இரண்டு பேரும் மாறி மாறி ஏற்றினார்கள். பிறக்கிராசியார் சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றுகொண்டார். அவருக்கென்ன, வீடு வேண்டுமா, காசு வேண்டுமா? எவனோ இரண்டு பேர் அவருடைய ஆளின் கடனை முழுசாக அடைத்துக் கொடுக்கிறார்கள். மூவாயிரத்து ஐந்நூறு. நாலாயிரம்.

நாலாயிரத்தில் குடைக்காரன் கொஞ்சம் தயங்கினான். குடை மெல்லத் திரும்பியது. அவன் யாரைப் பார்க்கிறான்? றலியா சட்டத்தின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு அந்தப் பார்வை போன வழியே போனாள். கூட்டத்தைத் தாண்டி, தென்னை மரத்துக்கு. அங்கே நிலாம் தன் தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்து, மறுபடி வைத்துக்கொண்டார்.

"நாலாயிரத்து நூறு" என்றான் குடைக்காரன்.

இவர் நாலு பேர் முன்னால் தொப்பி கழற்றுகிற ஆளே இல்லையே? கலியாணப் பந்தலில் வேர்த்து ஊற்றியபோதுகூடக் கழற்றாத மனுஷன். "நாலாயிரத்து இருநூறு" என்று பொன்னம்பலம் சொன்னார். குடை திரும்பியது. தொப்பி கழன்றது. "முன்னூறு."

யா அல்லாஹ்! அவளுடைய ஆளும் அவருடைய ஆளும்! இரண்டாயிரத்து அறுநூறில் முடிய வேண்டிய வீட்டை, புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கு ஆள் மறைத்து வைத்த சாமர்த்தியத்தால் ஏணி வைத்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். முற்றத்தில் நின்ற அறுபது பேருக்கும் தெரியாது, பொன்னம்பலத்துக்கும் தெரியாது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

சட்டத்தை இறக்கிவிடலாம். கை அதன் மேலேயே இருந்தது. இறக்கினால் பொன்னம்பலம் நிறுத்துவார், வீடு குடைக்காரனுக்குப் போகும், நகையும் தப்பும். ஆனால் யார் அவன்? எந்த நிபந்தனைக்கு வாங்குகிறான்? இந்த மனுஷன் ஈடு வைத்தபோதும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. வாப்பா கட்டின வீடு. இனி ஒரு தரம் அவளுக்குத் தெரியாமல் அது யாருடைய கைக்கும் போகக்கூடாது. அவள் சட்டத்தை இறக்கவில்லை.

அதற்குள் நாலாயிரத்து எழுநூறு. பொன்னம்பலம் ஜன்னலைப் பார்த்தார், சட்டம் உயர்ந்திருந்தது. "நாலாயிரத்து எண்ணூறு" என்றார். அவ்வளவுதான், அவர் மடியில் இருந்த காசு தாங்குகிற எல்லை அதோடு முடிந்தது.

"எண்ணூறு ஒரு தரம்" என்றார் ஏலக்காரர். குடை திரும்பியது. "இரண்டு தரம்." நிலாமின் கை மெல்லத் தலைக்கு ஏறியது.

றலியா ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஜன்னலை இரண்டு பக்கமும் படாரென்று திறந்தாள்.

"நிலாம்! தொப்பியில கைய வெக்க வாணாம்!"

பதினாலு வருஷத்தில் அவள் அந்தப் பெயரைத் தனியறையில்கூடச் சொன்னதில்லை. எந்தப் பெண்சாதியும் சொல்வதில்லை. அறுபது ஆம்பிளைகள் முன்னால், தலையில் முக்காடு சரிந்து கிடக்க, ஜன்னலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். ஒருவருக்கும் தொப்பி விஷயம் விளங்கவில்லை. பாவம், வீடு போகிற கவலையில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பள்ளிவாசல் ஆட்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். விளங்க வேண்டியவருக்கு விளங்கிவிட்டது. நிலாமின் கை காதோரத்தில் அப்படியே நின்றது. அவர் ஜன்னலைப் பார்த்தார், பொன்னம்பலத்தைப் பார்த்தார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார். கை கீழே இறங்கியது.

"மூன்று தரம்" என்று ஏலக்காரர் மேசையில் தட்டினார்.

பொன்னம்பலம் ஆயிரத்து இருநூறைக் கட்டி, வாங்கியவர் பெயர் என்ற இடத்தில் றலியாவின் பெயரைச் சொன்னபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. அப்புறம் ஒவ்வொருவராக நிலாமுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். பிறக்கிராசியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, மிகவும் சந்தோஷமாகக் காரில் ஏறினார்.

நிலாம் உள்ளே வந்து அவளுக்கு முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"நகையயா வெச்ச?"

"ஓம். நீங்க?"

"அவன் இருளப்பன். நம்மட கடச் சாமான் ஏத்தின மாட்டுக் கரத்தைக்காரன். நான் எடுத்துக் குடுத்த ஒரு சோடி மாட்டோட தொடங்கினவன், இப்ப பத்துக் கரத்தை ஈக்கிது. நான் வாங்கிப் போடுறேன், நீங்க இருங்க முதலாளி எண்டான். கரத்தைக்காரன்ட ஊட்டுல குடியிருக்கப் போறோம் எண்டு ஒனக்கிட்ட எப்பிடி செல்ற? வாய் வரல்ல றலியா."

"ஒரு வார்த்த! ஒரு வார்த்த செல்லியிருந்தா ரெண்டாயிரத்துச் சொச்சம் மிஞ்சியிருக்குமே!"

"நீயும் செல்லல்லயே" என்றார் அவர்.

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த ஒழுங்கையில் அவள் கேட்காத கதவு இல்லை. மீன்காரியிடம் கேட்டாள், கடவைக் காவல்காரனிடம் கேட்டாள். இந்த மனுஷனின் தோளைப் பிடித்துத் திருப்பி, முகத்தைப் பார்த்து இன்னொரு தரம் கேட்க மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

வெளியே இருளப்பன் இன்னும் போகவில்லை. கேற்றுக்கு வெளியே, மடியில் ஒரு துணி முடிச்சோடு நின்றான். றலியா நேரே முன்கதவுக்குப் போனாள்.

"நீ உள்ள இரு, நான் பேசுறேன்" என்றார் நிலாம்.

"ஊருக்கு முன்னால ஒங்கட பேரக் கூப்பிட்டாச்சி. இனி என்ன மறவு?" என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்தாள். "இருளப்பன், மழ இல்ல, வெயிலும் இல்ல. என்னத்துக்கு இந்தக் குட?"

அவன் பதறிப்போய் இரண்டடி பின்னால் போனான். "அம்மாவுக்கு என் மொகம் தெரியப்படாதுன்னு முதலாளி சொன்னாருங்க. வீட்ட வாங்குனதுக்கு அப்பறமும் நான் உள்ளுக்கு வரப்படாதுன்னாரு. அம்மா மனசு நோகும்னு. சரிங்கன்னேன். வாங்குற வீட்ட வெளிய இருந்தாச்சும் ஒரு தடவ நல்லாப் பாத்துக்குவோமேன்னுதான் வந்து வந்து நின்னேங்க." அவன் முடிச்சை நீட்டினான். "இது மிச்சத் தவணைக்கு ஆகும். யாரு பேருல வீடு இருந்தா எனக்கென்ன? கடனா வச்சுக்கிட்டு மெதுவாக் குடுங்க."

றலியா நிலாமைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உறுதி எழுதித்தான் வாங்குவேன். ரெண்டு பேரும் கையெழுத்து வெப்போம்" என்றாள் அவள். பிறகு, இத்தனை நடந்தும் அடங்காத ஒன்றைக் கேட்டாள். "கதவுக்கு மேல அண்ணாந்து அண்ணாந்து என்னத்தப் பாத்தீங்க?"

இருளப்பன் வெட்கத்தோடு சிரித்தான். "அந்தக் கண்ணாடிங்க. வெளிய இருந்து பாத்தா ஒரே கறுப்பா இருக்கு. கலர்க் கண்ணாடின்னு முதலாளி சொல்லியிருக்காரு. உள்ளுக்கு அது என்ன கலரா விழும்னு நெனச்சு நெனச்சுப் பாப்பேன்."

அப்போது மணி ஐந்தரை. கடல் பக்கத்து வெயில் நேராகக் கதவுக்கு மேலே அடித்துக்கொண்டிருந்தது. றலியா கதவின் ஒரு பாதியைச் சாத்திவிட்டு, அவனுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றாள்.

"உள்ள வந்து பாருங்க."

அவன் நிலாமைப் பார்த்தான். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வா என்று தலையசைத்தார். இருளப்பன் படியில் காலைத் தட்டிப் புழுதி போக்கினான். பிறகு குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தான்.